இதர

கிள்ளைக் கடைத்தெருவில்
மருந்துக்கடைக்கும் கோழிக்கடைக்கும் நடுவே
என் இ-சேவை மையம்.
பட்டா, சாதிச் சான்று, முதியோர் பணம்.
ஐப்பசி பிறந்தால் பயிர்க் காப்பீடு.
நெல்லைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம்
படிவத்தில் கீழே இறங்கும் அந்தப் பட்டியல்தான்.

கொளஞ்சி வந்த அன்று
மின்சாரம் இரண்டு முறை போய் வந்திருந்தது.
சர்வே எண் சொன்னாள். எழுபது சென்ட்.
"ரகம்?"
"மூணு."
"ஒண்ணுதாங்க போட முடியும்."
"வயல் ஒண்ணா இல்லியே."

மேசைக் கண்ணாடியின் தூசியில்
விரலால் கோடு இழுத்தாள்.
இது வடிகால் ஓரம், பள்ளம், இடுப்பளவு நிக்கும்.
ஆடிப் புழுதியிலயே காட்டுயானம் தெளிச்சிட்டேன்,
தண்ணி ஏற ஏற அதுவும் ஏறிக்கும்.
இது நடு.
உப்பனாறு எதுத்து ஏறின வருசத்திலேர்ந்து களர்.
வரப்புல உமரி மொளச்சிருக்கு;
அது மொளச்சிட்டா மண்ண நாக்குல வச்சுப் பாக்க வேணாம்.
கொழிஞ்சிய மடக்கி உழுதுட்டு அங்க களர்பாலை.
மேட்டுக்குக் குழியடிச்சான்,
வானம் பாத்துக்கிட்டே கெடக்கும் அது.

நான் பட்டியலை உருட்டினேன்.
எழுத்தும் எண்ணும், எழுத்தும் எண்ணும்,
பேருந்துத் தடம் மாதிரி.
ஆகக் கடைசியில், பட்டியலின் வாலில்,
'இதர'.
அழுத்தினேன்.
ரசீதைப் படித்துவிட்டு
"இதரன்னா என்ன" என்று கேட்டாள்.
"மத்தது" என்றேன்.
மடித்து இடுப்புப் பையில் வைத்துக்கொண்டாள்.

கார்த்திகையில் ஒன்பது நாள்.
பெய்ததை வடிகால் இழுத்தது,
வடிகாலைக் கடல் வாங்கவில்லை.
என் கடைக்குள்ளேயே கெண்டைக் குஞ்சு.
பத்தாம் நாள் தண்ணீர் இறங்கியபோது
ஊர் வயல்கள் வேகவைத்த கீரை நிறம்.
அவள் பள்ளத்தில் மட்டும் ஆள் உயரத்துக்கு ஒரு பச்சை,
நடுவில் கொஞ்சம் வெளுத்த பச்சை.
மேட்டில் குழியடிச்சான் பாதி அழுகிப் போனது.
அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை.

தை கடைசியில் அறுவடைச் சோதனைக்கு வந்தார்கள்.
எந்த வயலில் அறுப்பது என்று கணினி எண் எடுக்கும்.
எடுத்தது.
கொளஞ்சியின் சர்வே எண்.

ஒரு வயலின் விளைச்சல்தான்
ஊரின் சராசரிக்குள் போகும்,
சராசரி ஏறினால் இழப்பீடு இறங்கும்.
இதை நான்தான் போன வருடம்
தில்லைக்கண்ணுவுக்கு விளக்கியிருந்தேன்.
அவர் வரப்பில் நின்று கத்தினார்:
"ஊரே அழுகிக் கெடக்கு,
நிக்கிற வயலாப் பாத்துக் கயிறு கட்டுறீங்களேய்யா!"

அன்று மாலை அவள் மையத்துக்கு வந்தாள்.
"அந்தக் கட்டத்த மாத்த முடியுமா?"
முடியாது என்றேன்.
பயிர் பிழைத்ததற்கு
மன்னிப்புக் கேட்கிற மாதிரி நின்றாள்,
பிறகு அப்படி நிற்கவில்லை.
"அஞ்சு மீட்டர்தானே" என்றாள்.
"நட்டு வச்ச குச்சிய நானே புடிச்சுக்கறேன்."

ஆனியில் பணம் வந்தது. குறைவு.
அவளால்தானா, எத்தனை ரூபாய் அவளால்,
யாருக்கும் கணக்குப் புரியவில்லை.
ஆனால் பழி போட ஒரு வயல் இருந்தது.
பால் சொசைட்டி வரிசையில்
அவளுக்கு முன்னும் பின்னும் இடைவெளி விட்டார்கள்.

ஆடி பிறந்து நாலாம் நாள்
தில்லைக்கண்ணுவின் மனைவி
கொளஞ்சி வீட்டு வாசலில் ஒரு மரக்காலை வைத்தாளாம்.
பேச்சு இல்லை.
நெல் அளக்கும் சத்தம் மட்டும் கேட்டது என்று
கோழிக்கடைக்காரர் சொன்னார்.

ஐப்பசியில் தில்லைக்கண்ணு என் எதிரே உட்கார்ந்தார்.
சர்வே எண், ஆதார், வங்கிப் புத்தகம்.
"ரகம்?"
மின்விசிறியைப் பார்த்தார்.
கோழிக்கடைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.
"அதாம்ப்பா…
கடைசீல ஒண்ணு கெடக்குமே."