எட்டாவது தாவல்

மங்கலம் ரோட்டில் பொழுதோடவே கரண்ட் போச்சு.
எட்டரைக்கு வந்தபோது
லேப்டாப்பில் பதினோரு சதம் உயிர்.
நாளை ஐந்து மணிக்குள்
இரண்டு வருட எம்.எட்.டை
ஒற்றை லிங்க்கில் அடைத்து அனுப்போணும்.

முகப்பில் நான்:
காலேஜ் வாசலில், இஸ்திரி மடிப்புக் கலையாத சேலையில்,
மல்லீஸ்வரி ஒன்பது முறை எடுத்ததில்
கண் மூடாத ஒன்று.

அடுத்த தாவல், கற்பித்தல் தத்துவம்.
முந்நூறு சொல் கேட்கிறார்கள்.
ஒவ்வொரு குழந்தையும் ஒரு விதை என்று ஆரம்பித்திருந்தேன்.
தொட்டியில் வைத்த கறிவேப்பிலையே
எனக்குப் பிழைத்ததில்லை.
அழித்துவிட்டு எழுதினேன்:
முதலில் பெயரைச் சரியாகக் கூப்பிடு.
இருநூற்றுத் தொண்ணூற்றாறு சொல் பாக்கி.

பாடத்திட்டம், வினாத்தாள் அலசல், வருகைச் சான்று என்று
ஏழு வரைக்கும் மளமளவென்று வந்துவிட்டேன்.
எட்டாவது: சான்றுகள்.
"நல்லதா மூணு வீடியோ வைங்க, போதும்"
என்றார் கைடு மேடம்.
நல்லதைப் பொறுக்கவா எனக்குத் தெரியாது?
மூன்று வருடமாக செக்கிங் டேபிளில் நிற்கிறவள்.
வெளிநாட்டு பையருக்குப் போகும் சாம்பிளில்
ஊசித் துளை இருக்காது, எண்ணெய்க் கறை இருக்காது,
யாருக்குமே வியர்க்காத ஊரில் தைத்ததுபோல் இருக்கும்.
அம்பு ஸ்டிக்கர் வாங்கியதெல்லாம்
காதர்பேட்டையில் குவிந்து கிடக்கும்.
அதையும் யாரோ உடுத்திக்கொண்டுதான்
ஷிப்டுக்குப் போகிறார்கள்.

பின்னப் பாடம், ஆறாம் வகுப்பு: எல்லாக் கையும் மேலே.
முந்தின நாளே ஒத்திகை பார்த்தது. வைத்தாயிற்று.
பட்டாம்பூச்சி நாடகம். வைத்தாயிற்று.
நிழல் பாடம் மட்டும்
வேண்டாமென்று ஒதுக்கியது.
பன்னிரண்டு நிமிடத்தில்
நான்கு முறை "உட்காருப்பா" என்கிறேன்.
ஜன்னலோரப் பையன் உட்காரவில்லை.
அன்று மார்க் போட வந்தவர்
வகுப்பறை மேலாண்மைக்கு நேராக
ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனார்.

இன்றைக்கு ஏன் திரும்ப ஓட்டினேன், தெரியவில்லை.
கரும்பலகையில் நான் வெயிலையும் கம்பத்தையும்
வரைந்துகொண்டிருக்கிறேன், வகுப்புக்கு முதுகைக் காட்டி.
படத்தின் ஓரத்தில் அவன்
ஜன்னல் கம்பியின் நிழல் விழுந்த இடத்தில்
சாக்பீஸால் ஒரு கோடு போடுகிறான்.
காத்திருக்கிறான்.
நிழல் ஒரு நூல் நகர்ந்ததும் இன்னொன்று.
உட்காருப்பா.
இன்னொன்று.

சாயப்பட்டறை வேலைக்கு வந்த
ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளை.
வருகைப் பதிவேட்டில் விஜய்.
"பிஜய்" என்று முதல் நாள் திருத்தினான், அடுத்த நாளும்.
மூன்றாம் நாளிலிருந்து
விஜய் என்றாலே "உள்ளேன் டீச்சர்."

அதையே மூன்றாவது சான்றாக ஏற்றுகிறேன்.
மேடம் கேட்டால் கேக்கட்டுங்.
விதிமுறைப்படி பிள்ளைகள் முகத்தை மங்கலாக்கினேன்.
கையை மங்கலாக்கச் சொல்லவில்லை.
பெயரும் போடக் கூடாதாம்.

கீழ்வீட்டில் ஓவர்லாக் மெஷின் ஓடத் தொடங்க
டியூப்லைட் ஒருமுறை கண் சிமிட்டுகிறது.
பதிவேற்றம் அறுபத்திரண்டில் நிற்கிறது.
படத்துக்கடியில் இப்படித் தட்டினேன்:
பரிசோதனை செய்தவர், மாணவர் 14.

பிறகு யாருமில்லாத அறையில்
பதினான்காம் எண்ணை ஒருமுறை
வாய்விட்டுக் கூப்பிட்டேன்,
ப-வை அழுத்தி.