படிவத்தில் இல்லாத கட்டம்

பாகாயம். ஓ.பி. சீட்டு, நாற்பத்தொன்று.
குடி? இல்லை. கஞ்சா? இல்லை.
குடும்பத்தில் யாருக்காவது?
ஒரு நொடி தாமதித்து
இல்லை என்றேன்.
தியானம் என்று எழுத
கட்டம் இல்லை அதில்.

ஏலகிரிக்கு ஏற்றிவிட்டவளே நான்தான்.
ஷூ கம்பெனியில் மார்ச் கணக்கு,
மூன்று வாரமாகத் தூக்கமில்லாத தம்பி.
பத்து நாள் பேசாம இருந்துட்டு வாடா
மனசு லேசாகும்.

லேசாகிவிட்டது.
ஏழாம் நாள், கை தன்னுடையதாக இல்லை
என்றிருக்கிறான்.
நல்ல அடையாளம், இன்னும் உள்ளே போங்கள்
என்றிருக்கிறார்கள்.

காட்பாடியிலிருந்து வரும் வழியில்
பாலாற்றுப் பாலத்தில் பஸ்ஸை நிறுத்தி இறங்கினான்.
வெறும் மணலைப் பார்த்து
'அக்கா, யாரு பாக்குறா இத?'

டாக்டர் மெதுவாகக் கேட்டார்:
இப்ப மூச்சைக் கவனிச்சா?
'மூச்சு இருக்கு மேடம்.
கவனிக்கிறவன்தான் வரல.'

ராத்திரிக்கு ஒரு மாத்திரை.
தியானம் இப்போதைக்கு வேண்டாம்.
ஆட்டோவில் என் விரலைத் தொட்டு
இது உன்னுதா என்றான்.
ஆமாண்டா.
அப்ப இது?

கேட்டைத் தாண்டுவதற்குள்
வண்டியைத் திருப்பச் சொன்னேன்.
நர்ஸம்மா,
எங்க சித்தப்பா ஒருத்தர் இருந்தார்.
எழுதிக்கோங்க.
மலையில யாரும் கேக்கல.
நானும் சொல்லல.