ஈரப்பதம் பத்தொன்பது

வாள் வேண்டும், சாபம் வேண்டும்,
வானத்தைப் பிளந்துகொண்டு ஒருத்தன் இறங்க வேண்டும் என்றால்
இர்ஃபானிடம் போங்கள்.
கூத்தாநல்லூர்ப் பையன், லாரி கிளீனர்,
பென் டிரைவைத் தாயத்து மாதிரி கழுத்தில் போட்டிருக்கிறான்.
முந்நூறு எபிசோட் ஓடியும் முடியாத அனிமே எல்லாம் அவனிடம்.

என்னிடம் வந்தால்
வேறு மாதிரி.

கோட்டூர் தாண்டி, நெல் கொள்முதல் நிலையத்தில்
சீசனுக்கு மட்டும் பில் போடுகிறவள் நான்.
பகலெல்லாம் ஈரப்பதமானியில் நெல்லைக் கொட்டி
பதினேழுக்கு மேல் காட்டினால்
"காயவெச்சுக் கொண்டாங்க" என்று அனுப்பிவிடுகிறேன்.
இரவில்
அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட கதைகளாகப் பார்த்துப்
பொறுக்கிவைக்கிறேன்.

ஒன்று:
ரயில் நிலையம். தொலைந்த பொருள்களின் அறை.
அதில் ஒரு பெண்.
வாரம் ஒரு குடை வந்து சேரும்.
தேடிக்கொண்டு யாரும் வருவதில்லை.
ஐந்தாவது குடைக்கு மட்டும் ஒரு கிழவர் வருகிறார்,
விரித்துப் பார்க்கிறார்,
தன்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார்.
"அப்புறம்?" என்றான் இர்ஃபான்.
அப்புறம் மழை, என்றேன்.
எழுந்து போய்ப் பீடி பற்றவைத்தான்.

இன்னொன்றில்
கதாநாயகன் ஒரு தண்ணீர் பம்பு.
பேசாது. உருமாறாது.
கடல் மட்டத்துக்குக் கீழே இறங்கிப்போன ஊரில்
இரைத்துக்கொண்டே இருக்கும்.
இதைப் பார்க்கச் சொன்னதற்கு
முத்துப்பேட்டை மெர்லின் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.
பிறகு நடுராத்திரியில் ஒரு குரல் பதிவு வந்தது.
அவள் குரல் இல்லை.
அவர்கள் கொல்லையில் ஓடும் மோட்டார் சத்தம்,
நாற்பது நொடி.

மாஸ்கோ எங்கள் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவன்.
அப்பா கட்சிக்காரர், அதனால் அந்தப் பெயர்.
கீழே ஓடும் இங்கிலீஷ்
அவன் எழுத்துக் கூட்டுவதற்குள் ஓடிவிடும்,
நான்தான் படித்துச் சொல்வேன்.
நேற்றைவிடக் குளிராக இருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னால்
"பனி எறங்கிருச்சு" என்பேன்.
சென்பாய் என்பதற்கு மட்டும் சொல் அகப்படவில்லை.
தோழர்னு வெச்சுக்க, என்கிறான்.

அவனுக்காகத்தான் மூன்றாவதை வைத்திருந்தேன்.
பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது.
எட்டாம் எபிசோடில் நிறம் போய்விடும்.
ஒன்பதில் ஆட்கள் நின்றது நின்றபடி,
உதடு மட்டும் அசையும்.
பதினொன்றில் வெறும் பென்சில் கோடு,
ஓரத்தில் கையால் எழுதிய குறிப்பு: இங்கே காற்று.
வரைந்தவர்களிடம் காசு தீர்ந்துவிட்டது.
குரல் கொடுத்தவர்களோ
நிறம் இருப்பதுபோலவே
அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருக்கிறார்கள்.

பிப்ரவரியில் அந்த மழை.
தார்ப்பாய் போதவில்லை.
நாலாயிரம் மூட்டை வெட்டவெளியில் கிடக்க
மூன்று வாரமாகக் கூலி வராத ஆட்கள்
அட்டி மேல் ஏறி
உரச்சாக்கு, பழைய பேனர், கட்டியிருந்த லுங்கி
எது கிடைத்ததோ அதைப் போட்டு மூடினார்கள்.
பேனரில் யாருக்கோ காதணி விழா.

இரண்டு மணிக்கு விட்டது.
காலையில் அளந்தால் பத்தொன்பது காட்டும்.
இப்போது இது அரசாங்க நெல்,
யாரிடம் திருப்பி அனுப்ப?
ஷெட்டில் ஈரத் தலையோடு உட்கார்ந்து
என் போனில் பதினொன்றாவதைப் பார்த்தோம்.
இர்ஃபானும்தான், லாரி சேற்றில் மாட்டிக்கொண்டதால்.

திரையில் ஒரு கோடு.
மலையா, படுத்திருக்கும் ஆளா தெரியவில்லை.
இங்கே காற்று.

"காசு தீந்தப்புறமுமா வரைஞ்சாங்க?"
என்று கேட்டான் மாஸ்கோ.
ஆமாம் என்றேன்.
தாடியிலிருந்து தண்ணீரை வழித்து உதறினான்.
வெகுநேரம் கழித்து,
"அவங்களுக்குச் சங்கம் கிடையாதா?"

எனக்குத் தெரியவில்லை.
பேட்டரி ஏழு சதவீதம்.
பன்னிரண்டைப் போட்டேன்.