ப், வ்

எதிர்காலம் காட்டும் இடைநிலைகள் இரண்டு.
எழுதிவிட்டுத் திரும்பினேன்.
ப், வ் என்று ஒரே குரலில் சொன்னது
ஒன்பதாம் வகுப்பு, பி பிரிவு.
படிப்பேன். வருவேன்.
டிசம்பர் தில்லி. ஒவ்வொரு வினைமுற்றோடும்
வாயிலிருந்து கொஞ்சம் புகை வந்தது.

அலுவலகம் தந்த படிவத்தில் ஒரே ஒரு கேள்வி:
நீ என்ன ஆகப்போகிறாய்?
நாற்பத்தொரு தாள்.
ஐ.ஏ.எஸ். பதினேழு, டாக்டர் பன்னிரண்டு,
கிரிக்கெட் ஆறு,
மிச்சம் ஆறும் வெறும் தாள்.
ஐ.ஏ.எஸ். என்றால் என்ன வேலை?
"கார் வரும் மேம்" என்றான் மதியரசு.

கேள்வியை ஒருமுறை உரக்கப் படித்துப் பார்த்தேன்.
என்ன ஆகப்போகிறாய்.
கொஞ்சம் இழுத்தால் போதும்,
நீ என்னத்துக்கு ஆகப்போறே.
இவர்கள் காதில் அப்படித்தான் விழுந்திருக்கும்.
பரீட்சைத் தாளைக் கொண்டுபோய் நீட்டிய ராத்திரிகளில்
என் காதிலும்.

படிவங்களை இழுப்பறையில் தள்ளி மூடினேன்.
சரி, உங்களுக்கு முப்பது வயசு.
செவ்வாய்க்கிழமை. காலை பதினொரு மணி.
உங்க கை என்ன செஞ்சிட்டிருக்கும்?
வேலை பேர் சொல்லக் கூடாது,
கையை மட்டும் சொல்லுங்க.

ரிங் ரோட்டில் ஒரு பேருந்து
நெடுநேரம் ஹாரன் அடித்தது.
"சொறிஞ்சிட்டிருக்கும்"
கடைசி பெஞ்சில் யாரோ.
எல்லாரும் சிரித்தார்கள், நானும்.
அதுதான் உதவியது.

சஞ்சீவன் எழுந்தான்.
"மெட்ரோ மேம். கதவு மூடுற பட்டன் மேல கட்டைவிரல்.
ஒரு ஆள் படியில ஓடி வர்றாரு.
மூடலாமா வேணாமா தெரியல."
மூடு என்றது பாதி வகுப்பு.
ரோக், ரோக் என்றது மறுபாதி.
அந்த ஆளுக்காகச் சண்டையே வந்துவிட்டது.
ரெபேக்காவின் கை
ஒரு தெருநாயின் காலுக்கு மாவுக்கட்டு போட்டது.
"கடிக்காதா?"
"வாயை வேற யாராச்சும் பிடிச்சிருப்பாங்க."
மதியரசு இன்னும் காரில்தான் இருந்தான்,
ஆனால் இப்போது ஓட்டுவது அவன்.

யோகவதி
வருகைப்பதிவுக்கு மட்டும் வாய் திறப்பவள்.
அவள் அம்மாவுக்கு லாஜ்பத் நகரில் நாலு வீடு,
துடைக்க, தேய்க்க.
உட்கார்ந்தபடியே சொன்னாள்:
"சுத்துற நாற்காலி.
கை ரெண்டும் மேசை மேல சும்மா இருக்கும்.
எதிர்ல யாராச்சும் வந்து நின்னா
உக்காருங்கன்னு சொல்லுவேன்."
என்ன ஆபீஸ்?
"அது தெரியாது."
சண்டை போட்டவர்கள் யாரும்
இதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

"மேம், நீங்க?"
எனக்குத்தான் முப்பது தாண்டிடுச்சே.
"அப்போ நாப்பத்தஞ்சு. செவ்வாய்க்கிழமை."
மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது என் ஒப்பந்தம்.
ஏப்ரலில் ஒரு தாள் வரும்,
அல்லது வராது.
பாடத்தில் நான் சொல்லாமல் விட்டது இது:
அஃறிணைக்கு ப்பும் கிடையாது, வ்வும் கிடையாது.
தாள் வரும். கை இருக்கும்.
தினமும் நடப்பதற்கும் அதே சொல்,
இனி நடக்கப்போவதற்கும் அதே சொல்,
நடக்குமோ என்னவோ என்பதற்கும்.

கையைப் பார்த்தேன்.
சாக்பீஸ் இருக்கும் என்றேன்.
"வேலை பேர் இல்ல, ஓகே" என்று
எனக்கு மதிப்பெண் போட்டான் மதியரசு.
"எந்த ஸ்கூல் மேம்?"
அது தெரியாது.
யோகவதி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்,
பக்கத்து இருக்கையில் இருப்பவளைப் பார்ப்பதுபோல.

படிவங்கள் நாளைக்குள் வேண்டுமாம்.
அந்த ஆறு தாளையும் என்ன செய்வது என்று
இன்னும் முடிவு செய்யவில்லை.

மணி அடித்து வகுப்பு காலியானது.
யோகவதியின் பையில் ஜிப் சிக்கிக்கொண்டது.
கதவருகே சஞ்சீவன்
கட்டைவிரலை அந்தரத்தில் நீட்டியபடி நின்றான்.
"மூடல, மூடல.
நீ வா."