கப்பல் நேரம்

ஐந்தரைக்கு ஏணியைத் தூக்கிவிடுவார்களென்று
கிருஷ்ணாபுரம் கோயில் வாசலில் நின்று
கத்திக் கூப்பிட்டு
பாதித் தூண்களோடு அவளைக் காரில் ஏற்றினேன்.

வல்லநாட்டில் செம்மறி மந்தை.
ஹாரனுக்கு ஒரு காதும் அசையவில்லை.
பின்சீட்டில் மார்த்தா
கப்பல் அட்டையை எடுப்பதும் வைப்பதுமாக.

வாகைக்குளம் டோல்கேட்டில்
ஸ்கேனர் மூன்று தரம் முழித்தது.

உப்பளம் தெரிந்தபோது ஐந்து இருபத்தேழு.

துறைமுக வாசல் காவலர் சிரித்தார்:
கப்பலுக்குள் மாலத்தீவு மணியாம்,
அரைமணி பின்னால்.
யாரும் துரத்தாமலா
இந்த ஓட்டம் ஓடினோம்?

அவள் உடனே ஏறவில்லை.
உப்பு லாரிக்காரர்களுக்கு நடுவில்
ரெண்டு டீ சொல்லி
ஒன்றை என் பக்கம் நகர்த்தி,
பார்க்காமல் வந்த தூண்களில்
என்னதான் இருக்கிறது என்றாள்.

நாற்பது தடவையாவது
அந்த வாசலுக்கு வண்டி ஓட்டியிருப்பேன்.

டீயை ஊதிக்கொண்டிருந்தேன்.
உள்ளே போனதில்லை.