ஏழாம் எண் கட்டம்

இரவெல்லாம் டேகு நகரைச் சுற்றிவிட்டு
காலை ஆறரைக்குத் திரும்பினால்
என் டாக்சி நிற்கவேண்டிய ஏழாம் எண் கட்டத்தில்
மிளகாய் படுத்திருக்கிறது.

நீலத் தார்ப்பாய். நாலு மூலைக்கும் நாலு செங்கல்.
பக்கத்தில் ஓர் அட்டை:
‘மன்னிக்கவும். வெயில் இங்கேதான் விழுகிறது. 302.’

வெயிலுக்கும் சேர்த்துத்தான்
வாடகை கட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது
அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

முன்னூற்றிரண்டு என்றால் குவாக் இன்-சுக்.
மருத்துவமனைச் சமையலறையில் வேலை.
உப்பில்லாத கஞ்சி, உறைப்பில்லாத குழம்பு,
தினம் இருநூறு தட்டு.
வீடு வந்ததும் மேல்தளத்துக்கு ஓடுவாள்.
மீன் வந்த தெர்மாகோல் பெட்டிகளில்
மண் நிரப்பிப் பதினெட்டுச் செடி.
பெட்டிக்கு அடியில் இன்னும் கானாங்கெளுத்தி வாசம்;
செடிக்கு அது பிடித்திருக்கிறதாம்.

ஜூலையில் ஒருநாள்
மாடிப்படியில் உட்கார்ந்து அவள் தின்பதைப் பார்த்தேன்:
பச்சை மிளகாயை
மிளகாய்ச் சாந்தில் தோய்த்து.
கடக், கடக்கென்று.
நெருப்புக்கு நெருப்பையே தொட்டுக்கொள்பவளிடம்
கார் நிறுத்த இடம் கேட்டு
யார் சண்டை போடுவார்கள்?

போட்டேன்.
“என் தலையில் மிளகாய் அரைக்கிறீர்கள்” என்றேன்.
“அரைக்கிறதுக்கு
இன்னும் ஒன்பது நாள் காயணும்” என்றாள்.

பிறகு இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு
நடந்து வந்தேன், திட்டிக்கொண்டே.
திட்டுகிறவன் கண்ணுக்கு எதுவும் தப்பாது.
முதல் நாள் பெயின்ட் அடித்த மாதிரிப் பளபளப்பு.
மூன்றாம் நாள் முகம் சுண்டி
யாரோ எதையோ சொல்லிவிட்ட மாதிரி.
ஐந்தாம் நாள் தோல் கண்ணாடியாகி
விதை வெளியே தெரிந்தது.
காம்பு வைக்கோல் நிறம்.
மெஷினில் காய்ந்ததற்குக் காம்பு பச்சையாகவே இருக்கும்,
சந்தையில் முதலில் அதைப் பாருங்கள் என்று
விமான நிலையம் வரை வந்த ஒருவர் சொன்னார்.
கேட்காமலே சொன்னார்.

ஆறாம் நாள் மதியம்,
தூக்கத்தில்,
ஜன்னல் தகரத்தில் முதல் சொட்டு.

அவள் கஞ்சி ஊற்றிக்கொண்டிருக்கும் நேரம்.
புரண்டு படுத்திருக்கலாம்.
பனியனோடு ஓடினேன்.

தார்ப்பாயின் நாலு மூலையையும் அள்ளி
மூட்டையாய் முதுகில் போட்ட பிறகுதான் யோசனை:
என் அறை பாதி நிலத்துக்குள் இருக்கிறது.
அங்கே சுவரே வியர்க்கும்,
வற்றல் ஒரே நாளில் பூஞ்சை பிடிக்கும்.
மழையில் இரண்டு தெரு நடந்தேன்.
எதிரே வந்த போலீஸ்காரர்
மூட்டையைப் பார்த்தார், பனியனைப் பார்த்தார்,
தும்மினார், போய்விட்டார்.

பின்சீட்டில் பரப்பி
ஆகஸ்ட் மாதத்தில் ஹீட்டர் போட்ட ஒரே மனிதன் நான்.
மாலைக்குள் எல்லாவற்றையும் டிக்கிக்கு மாற்றினேன்.
நெடி மாறவில்லை.

அன்றிரவு பதினோரு சவாரி.
கமறிக் கமறி ஒருவர் பாதியில் இறங்கினார்.
ஒரு மாணவன் பசிக்கிறது என்றான்.
நள்ளிரவுக்கு மேல் ஏறிய பெண்
காரணம் கிடைத்தது போதுமென்று
அழத் தொடங்கி
ஆற்றுப்பாலம் தாண்டும்வரை அழுதாள்.
“மிளகாய்” என்றேன்.
“ஆமாம், மிளகாய்” என்றாள்.
மீதிச் சில்லறையை வாங்கிக்கொள்ளவில்லை.

காலை ஆறரை.
ஏழாம் எண் கட்டத்தில்
நாலு செங்கல்லுக்கு நடுவே அவள் நின்றிருந்தாள்,
வேலைக்குப் போகும் உடுப்பில்,
தூங்காத முகத்தோடு.
அட்டை மழையில் கூழாகிக் கிடந்தது.
நான் ஒன்றும் சொல்லாமல் டிக்கியைத் திறந்தேன்.

ஒன்றை எடுத்துக் காதருகே குலுக்கினாள்.
சத்தம் வந்ததா என்று எனக்குக் கேட்கவில்லை.
“இன்னும் மூணு நாள்” என்றாள்.
நன்றி என்று நினைத்துக்கொண்டேன்;
அப்படித்தான் இருக்கவேண்டும்.

என் கண் காந்தியது.
அந்தக் கையால்தான் துடைத்திருக்கிறேன்.

மறுநாள் தார்ப்பாய்
இரண்டாய் மடித்து விரிக்கப்பட்டிருந்தது.
புது அட்டை:
‘மன்னிக்கவும். பாதி உங்களுக்கு. 302.’

பாதிக் காரை எப்படி நிறுத்துவது என்று
இரண்டு தெருவும்
யோசித்துக்கொண்டே நடந்து வந்தேன்.