நானூற்றுப் பதினோராவது கணு

துர்க்கு நகரில் டிசம்பர். மூன்று மணிக்கே இருட்டு.
திரையில் பனியுடைப்புக் கப்பலின் மூக்கு,
கொசுவலை போர்த்தியதுபோல.

இர்மெலி சுட்டியை இழுத்து ஒரு கட்டம் போட்டாள்.
பனி மோதும் இடத்துக் கணுக்கள் போதும்.
சிவப்பாய் மினுங்கின:
நானூற்றுப் பதினொன்று.

பத்துதானே வரவேண்டும்?

மாதிரியைத் திருப்பினாள்.
தகட்டுக்குப் பின்னால்
சத்தமில்லாமல் அகப்பட்டிருந்தது ஒன்று,
அறைச்சுவரில், கீழ்க்கட்டிலின் தலைமாட்டில்.

விட்டிருந்தால்
போத்னியா வளைகுடாவின் பாரத்தில் ஒரு பங்கு
இன்னும் கட்டாத கப்பலில்
தூங்கப்போகும் யாரோ ஒருவன் நெற்றிமேல்.

கண்ட்ரோலை அழுத்தி ஒரு சொடுக்கு.
அணைந்தது.

குழுவுக்குப் பெயர் கேட்டது மென்பொருள்.
'பனி, இடப்பக்கம்' என்று அடித்தாள்.
காபி எடுக்கப் போனவள்
பாதி வழியில் திரும்பி வந்து
தொகையை இன்னொரு தரம் பார்த்தாள்.